யாரிடம் கேட்டு எழுதினீர்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்துப் பூண்டுலோயாவுக்கு ஆசிரியையாக வந்த நான்காவது வருடம் அது. நுவரெலியா ஹோட்டல் ஒன்றில், பெண்கள் மீதான வன்முறை பற்றிக் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி சிங்களத்தில் பேசுவார். நான் தமிழில் சொல்ல வேண்டும். எதிரே தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருபது பேர் இருந்தார்கள்.

தோட்டங்களில் மனைவியை அடிப்பது பரம்பரை வழக்கம், பெண்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார் அவர். நானும் அப்படியே சொன்னேன். சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டிலும் மலையகத்தைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தவில்லை.

"இத யாருகிட்ட கேட்டு எழுதுனீங்கனு ஐயாகிட்ட கேளுங்க டீச்சர்."

கேட்டேன். பழைய அறிக்கை ஒன்றில் இருக்கிறது என்றார் அதிகாரி. அந்த அறிக்கைக்காரர் யாரிடம் கேட்டார் என்பது அந்தப் பெண்ணின் அடுத்த கேள்வி. அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்தார், அது எங்கும் இல்லை. அப்படியானால் யாரும் அடிப்பதே இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

அந்தப் பெண் அதற்கும் பதில் சொன்னார்.

"என் புருசன் என்னைய அடிச்சு கைய ஒடச்சாரு. பக்கத்து வீட்டுக்காரருதான் பொலிசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரு ஒரு நாளும் பொண்டாட்டி மேல கை வச்சதில்ல. எல்லாருக்கும் இது வழக்கம்னு எழுதிட்டா, என்னைய அடிச்சவரு தப்பே செய்யலனு ஆயிடும்."

இதை நான் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினார். உண்மையை நீங்களே விசாரித்துத் தர முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவர் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் போய், ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாகப் பேசினார். நான் எழுதினேன். சிலர் அடிபட்டதைச் சொல்லி அழுதார்கள். சிலர் அப்படி எதுவும் இல்லை என்று சிரித்தார்கள். ஒருத்தி பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். 'இல்லை' என்று குறிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"அவ இல்லனு சொல்லல டீச்சர். ஒன்னும் சொல்லல. அதயே எழுதுங்க."

கடைசியில் தாள்களை அடுக்கி, 'மலையகப் பெண்களின் நிலை' என்று தலைப்பிட்டேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நாம் கேட்டது மூன்று லயத்தில் மட்டும்தானே என்றார்.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கியவள் நான். வெட்கமாகவும் இருந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெருமையாகவும் இருந்தது. தலைப்பை 'மூன்று லயத்துப் பெண்கள் சொன்னவை' என்று மாற்றி எழுதினேன்.