பசீர் பாய் கலக்கிய கோந்து

நல்லூர்ப் பக்கத்துப் பிரிண்டிங் பட்டறைகளில் பசீர் அகமதுவைத் தெரியாதவர் கிடையாது. பனியன் துணியில் படம் அச்சடிக்கும் சாயப்பசையைக் கலக்குவதில் மனிதர் கில்லாடி. கலக்கும்போதே கைக்குக் குச்சி கனக்க வேண்டும். கனத்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். இருபது வருஷத்தில் ஒரு டிரம்கூடக் கெட்டதில்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. பெருமை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் பொய்யில்லை.

தொண்ணூற்று மூன்றில் பசையைக் கெட்டியாக்கும் ஒரு புதுக் கோந்துத் தூளோடு ஜெய்புன்னிசா வந்து சேர்ந்தாள். கெமிக்கல் கம்பெனி வேலைக்குப் புதிது. இந்த டிரையல் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்பதை வந்ததும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

"முட்டைக்கோசை அழுக வைக்கிற பாக்டீரியா தர்ற கோந்துங்க இது."

"அழுகலை வெச்சா குழந்தைங்க சட்டைக்குப் படம் போடறது?" என்று சிரித்தார் பசீர்.

அவள் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினாள். குளுக்கோஸாகக் கோத்த நீளச் சங்கிலி, பஞ்சில் இருப்பதைப் போலவே. ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸில் மூன்று சர்க்கரை சேர்ந்த கிளை.

"சும்மா இருக்கறப்ப சங்கிலியெல்லாம் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கும். கலக்குனா புடி விட்டுத் தண்ணியா ஓடும். நிறுத்துனா மறுபடி புடிச்சுக்கும். அதனால கலக்கறப்ப பாத்து முடிவு பண்ணிராதீங்கண்ணா."

"சரி கண்ணு."

தலை கேட்டது, கை கேட்கவில்லை. அவள் அளந்து கொடுத்த தூளைப் போட்டு எவ்வளவு கலக்கியும் குச்சி கனக்கவே இல்லை. அவள் முதலாளியைப் பார்க்கப் போன நேரத்தில் இரண்டு கை தூளை அள்ளிப் போட்டார். அப்புறம் இன்னும் இரண்டு கை.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் டிரம்மில் குச்சி நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. அச்சு மேசையில் வேலை நின்றது. முதலாளி அர்த்தநாரி சிடுசிடுவென்று வந்தார்.

"தூள் சரியில்லீங்களா பாய்?"

ஜெய்புன்னிசா முகம் வெளிறிப்போயிற்று. "ஆமாங்க" என்று பசீர் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பெயர் தப்பித்துவிடும். யார் மறுத்துப் பேசப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பாவி மனசு, ஆசையும் பட்டது.

"தூள்ல ஒரு குத்தமும் இல்லீங்க. இந்தப் பொண்ணு சொல்லியும் கேக்காம நாந்தான் அள்ளிப் போட்டுட்டேன்."

பட்டறையே திரும்பிப் பார்த்தது. பசீருக்குக் காதெல்லாம் சுட்டது.

"அப்படின்னா அந்தம்மா சொல்றபடி இன்னொரு டிரம் கலக்குங்க" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி போய்விட்டார்.

"ஏனுங்கண்ணா, தூள் மேல பழியப் போட்டிருக்கலாமே?" என்றாள் அவள் மெதுவாக.

"போட்டிருந்தா நாளைக்கு நீ ஊட்ல உக்காந்திருப்பே. நான் இங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கலக்கறது கண்ணு?"