ஒரே கட்டளையில் அழிந்த அறுபதாம் கல்யாணம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அயனம்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. கள்ளிக்குப்பத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் ஓர் அக்காவுக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐ.டி.யில் வேலை பார்ப்பவன் என்ற கெத்து அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

முந்தின நாள், தளத்தில் போட வேண்டிய படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்கும்போதே அக்கா சொல்லியிருந்தார்: "மூணு விசேஷம் கீது தம்பி. அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கினாரே, அந்தப் பெரியவர் தவறிட்டாரு. நாளைக்கு சாயந்தரம் அவரு படத்தப் பெருசா போட்டு ஊட்டுக்குக் குடுக்கணும். டிஸ்க்கு பத்திரம்."

படங்கள் ஒவ்வொன்றும் அவ்வளவு கனம். போனில் தளம் திறக்கவே மாட்டேன் என்றது. வெப்-பி என்ற புது வடிவத்துக்கு மாற்றினால் படம் பார்க்க அப்படியே இருக்கும், அளவு மட்டும் சுருங்கிவிடும். ஒவ்வொன்றாக கிளிக் செய்ய நான் என்ன சாமானியனா? கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே வரி அடித்தேன். விசேஷத்துக்கு ஒன்றாக இருந்த மூன்று ஃபோல்டரில் உள்ள படங்களையும் மாற்றி ஒரே ஃபோல்டரில் போடு என்று. அத்தோடு விட்டிருக்கலாம். இடம் மிச்சமாகட்டுமே என்று, மாற்றியதும் பழைய படத்தை அழித்துவிடு என்பதையும் சேர்த்தேன். யாரும் கேட்காத அதிகப்பிரசங்கித்தனம். அக்காவின் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி இருக்கும் என்றும் நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் படங்களின் எண்ணிக்கை இடித்தது. பாதிகூட இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அக்காவின் கேமரா ஒவ்வொரு விசேஷத்துக்கும் முதல் எண்ணிலிருந்து பெயர் வைத்திருக்கிறது. மூன்று விசேஷத்துக்கும் ஒரே பெயர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, கடைசியாக ஓடிய, படங்களும் அதிகமாக இருந்த வளைகாப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. பெரியவர் ஒரு படத்தில்கூட இல்லை.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். வந்த ஒன்றிரண்டு படங்களிலும் பாதி வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. திருவேற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பது தெரியும். வண்டியை எடுத்தேன். டிஸ்க் தானாகவே கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம், சரி செய்ய இரண்டு நாள் கேட்கலாம் என்று வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மண்டப வாசலில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, மூஞ்சி பேயறஞ்சா மாரி கீது?"

அந்தக் கேள்வியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "அக்கா, அந்தப் பெரியவர் படமெல்லாம் நான் அழிச்சிட்டேன்" என்றேன்.

அக்கா கேமராவின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மூடியைத் திறந்து மெமரி கார்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஆல்பம் குடுக்காம நானு கார்டக் காலி பண்ண மாட்டேன். இன்னிக்கு மத்த கார்டுல்லாம் ரொம்பிடுச்சு. டிஸ்க்கு உங்கிட்ட கீதேன்ற தைரியத்துல இப்பதான் இத்த அழிக்கலாம்னு கைய வச்சேன். அந்தப் பெரியவர் படம் இதுலதான் கீது. மத்த ரெண்டு விசேஷமும் ஸ்டுடியோல கீற கார்டுல கீது."

அப்படியே படியில் உட்கார்ந்தேன். டிஸ்க்கை சரி செய்கிறேன் என்று வீட்டிலேயே இன்னும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டியிருந்தால்கூடப் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

திட்டு விழப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கார்டை என் கையில் வைத்தார்.

"தாலி கட்டப் போறாங்க, நான் நவுர முடியாது. வீடியோக்காரர்கிட்ட வேற கார்டு வாங்கிக்கிறேன். நீயே எத்துகினு போய் காப்பி பண்ணி, பிரிண்டுக்குக் குடுத்துடு."

"என்கிட்டயா அக்கா?"

"இன்னிக்கு உன்ன மாரி பத்திரமா எவனும் பாத்துக்க மாட்டான். போ."

அன்றைக்கு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்த பிறகுதான் எழுந்தேன். சாயங்காலம் பெரியவர் படம் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது என் கீழ் ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் யாராவது வெளிறிய முகத்தோடு வந்து தப்பை ஒப்புக்கொண்டால், எனக்குச் சுருக்கென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த வேலையை வேறு யாரிடமும் மாற்றாமல், அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.