கித்தான் குழாய்

மெழுகு தடவிய நூல் கித்தானுக்குள் இழுபடும்போது, கொசு காதோரம் போவது போல ஒரு மெல்லிய கிறீச்சொலி வரும். எனக்கு விவரம் தெரிந்த வயதில் எங்கள் வீட்டில் ஓயாமல் கேட்ட ஒலி அதுதான். பினாங்கில் பிராங்கின் கால்வாயை ஒட்டியிருந்த வாடகை அறையில், படகுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அம்மா கித்தான் தைத்துக்கொடுத்தாள். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம் அது.

அப்பா, பக்கத்திலிருந்த காதர் முதலாளியின் மரப்பட்டறையில் வேலை செய்தார். அங்கே மரத்தூளை எல்லாரும் மலாய்ச் சொல்லால் "ஆபுக்" என்றுதான் சொல்வார்கள். அது அப்பாவின் தலைமயிரிலும் சட்டையிலும் எங்கள் சோற்றிலும் இருந்தது. நெஞ்சிலும் இருந்ததால், படுத்தால் இருமல் அவரைத் தூங்கவிடாது. முதலாளிக்கும் அதே இருமல். அதனாலோ என்னவோ, உடைத்துப் போட்ட கப்பலொன்றின் காற்று விசிறியை வாங்கிவந்து, கூரையோரம் தகரக் குழாய் பதித்து, தூளையெல்லாம் உறிஞ்சிப் பின்கட்டிலிருந்த பலகை அறைக்குள் தள்ள ஏற்பாடு செய்தார். தகரத்திலிருந்து ஒவ்வொரு யந்திரத்துக்கும் இறங்கும் குழாய் மட்டும் வளையவேண்டும். அதை அம்மா கித்தானில் தைத்தாள், உள்ளே பிரம்பு வளையங்கள் வைத்து.

குழாய்களை மாட்டிய அன்று நானும் அம்மாவோடு போனேன். இழைப்பு யந்திரத்தின் தகர வாயில் கித்தானைச் செருகி, கயிற்றால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். யந்திரத்தை ஓட்டிய அந்தோணி அண்ணன் அதைச் சுழற்றும் தோல் வாரை மாட்டினார். பறந்து வந்த சீவல்கள் வாய்க்குள் மறைந்துபோக, எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய் துவண்டது. தூள் அறையிலிருந்து காற்று வெளியேறும் சன்னல் வலை அடைத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லி, அப்பா குச்சியோடு உள்ளே போனார். தூள் வெளியே அடிக்காமலிருக்க, போகிற வழியில் யாரோ கதவைச் சாத்தி வெளிப்பக்கத்துக் கட்டையைப் போட்டுவிட்டார்கள். விசிறி நிற்கவில்லை.

"உள்ள ஆள் இருக்காரே அண்ணே, மெஷின நிறுத்தக் கூடாதா?" என்று அம்மா அந்தோணி அண்ணனிடம் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதுலா, அக்கா. வலையத் தட்டிட்டு வந்துருவாரு."

அவர் அடுத்துத் தள்ளியது பழைய பலகை. அதில் ஆணி இருந்திருக்கிறது. கத்தி அதில் பட்டதும் கிணீரென்ற சத்தம், சில பொறிகள், பிறகு ஒன்றுமே நடக்காதது போல யந்திரம் ஓடியது. அம்மாதான் பார்த்தாள். வெள்ளைக் கித்தானில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, அகன்று, நடுவில் கறுத்தது. உள்ளே ஏதோ கனன்றுகொண்டு மேலே ஏறியது. தூள் அறையில் தீப்பொறி விழுந்தால் வெடிக்கும் என்பது பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அம்மா கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல், தையல் கத்தியால் அறுத்து, இரண்டு கையாலும் கித்தானைத் தகரத்திலிருந்து பிய்த்து இழுத்தாள். கனன்ற சீவல்கள் அவள் உள்ளங்கையிலும் தரையிலும் கொட்டின. "கதவு, கதவு" என்று மட்டும் சொன்னாள். நான் ஓடினேன். கட்டை எனக்கு எட்டவில்லை, குதித்தும் எட்டவில்லை. பலகை இடுக்கில் மெல்லிய புகை வாசனை வந்தது. "அப்பா" என்று கதவை அடித்தேன். விசிறியின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விசிறியின் வாரைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்தோணி அண்ணன் பாய்ந்து வந்து கட்டையைத் தூக்கி எறிந்தார்.

தலை முதல் கால் வரை தூள் படிந்து வெளுத்துப்போய் அப்பா நின்றார். "என்ன, காத்து நின்னுபோச்சு?" என்றார்.

அவரை வெளியே இழுத்த பிறகுதான், தூள் குவியலின் ஓரத்தில் நூல்போலப் புகை எழுவதைக் கண்டோம். ஈரச் சாக்குகளைப் போட்டு அமுக்கினார்கள். அது அணைந்தது என்று நம்பச் சாயங்காலம் வரை ஆயிற்று.

முதலாளி அம்மாவிடம் வந்து, கை ஆறியதும் வேறு குழாய் தைத்துத் தரச் சொன்னார்.

"அந்தக் கட்டையக் கழட்டுங்க, முதலாளி. உள்ள ஆள் போனா விசிறி ஓடக் கூடாது. அப்புறந்தான் ஊசியத் தொடுவேன்."

அவர் சுத்தியலை எடுத்துவந்து, கட்டை தாங்கும் கொக்கிகளைத் தாமே பிடுங்கிப் போட்டார்.

அன்றைக்கு அப்பா அம்மாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். நான் பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு வெட்கம். ஆனாலும் வாயைத் திறந்தாள். கை ஆறியபின் புதுக் குழாய் தைத்தாள். அப்பாவின் இருமல் அடுத்த மழைக்குள் பாதியாகக் குறைந்தது.

பட்டறை போரில் போயிற்று. அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. கால்வாயிலும் பெரும்பகுதியை மூடிவிட்டார்கள். காதர் முதலாளியும் இல்லை, அந்தோணி அண்ணனும் இல்லை. அம்மா இறந்து வெகுநாள் கழித்து, அப்பா ஒரே ஒரு முறை அந்த நாளைப் பற்றிப் பேசினார்.

"உள்ள நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு, தெரியுமா? வலையத் தட்டிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டேன்" என்றார்.