ரெண்டு பேருக்கு ஒரு சைக்கிள்

கடக்... கடக்... கடக்...

பிரிக்பீல்ட்ஸ்ல மேடு ஏறும்போது எங்க சைக்கிள் போட்ட சத்தம் இது. பின்னாடி பல்சக்கரம் தேஞ்சு போய், சங்கிலி பல்லுல நிக்காம தாவிக்கிட்டே இருக்கும். அழுத்தி மிதிச்சா முழங்கால் போய் ஹேண்டில்ல இடிக்கும். தொண்ணூத்தஞ்சு வயசாச்சு, நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேட்டா தெரியாது... அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்கு.

ஜப்பான்காரன் இங்க படையெடுத்து வர்றதுக்கு மூணு நாலு வருஷம் முன்னாடி. எனக்கு இருபத்தொண்ணு. ரயில்வே குட்ஸ் ஷெட்ல வேலை, நடந்து போற தூரம்தான். ஒரே ரூம்ல என்கூடத் தங்கியிருந்தவர் கந்தையாண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல கிளார்க். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர்.

ஊருக்குத் திரும்பின ஒரு வெள்ளைக்காரன்கிட்ட ஆளுக்குப் பாதி போட்டு வாங்கின சைக்கிள் அது. திங்கள்ல இருந்து சனி மத்தியானம் வரைக்கும் அவருக்கு. அப்புறம் ஞாயிறு முடிய எனக்கு.

ஞாயித்துக்கிழமை நான் பதினாலு மைல் தள்ளி இருக்கிற காஜாங் போவேன். அக்காவைப் பார்க்கன்னு வெளியே சொல்லிக்கிறது. அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு இருந்துச்சு... வேணாம், அவ போட்டோ இந்த ரூம்லதான் மாட்டியிருக்கு.

சைக்கிள் ரொம்பப் பழைய மாடல். பிரேக்கே கிடையாது. சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சேர்ந்து சுத்தும். நிறுத்தணும்னா காலால பின்பக்கமா அழுத்திப் பிடிக்கணும். காஜாங் ரோட்டுல இறக்கத்துலகூட காலுக்கு ஓய்வு இல்ல. போய்ச் சேரும்போது ஒரு பொண்ணு முன்னாடி நிக்கிற கோலத்துல இருக்க மாட்டேன்.

"மாத்திடலாம்ணே. ஃப்ரீவீல் போட்டா மிதிக்காமலே சக்கரம் ஓடும், நிறுத்தக் கை பிரேக் வச்சிக்கலாம்."

"உதுக்குப் புதுப் பல்லுச் சக்கரம் ஒண்டு போட்டாக் காணும் தம்பி. எனக்குக் காலாலை நிப்பாட்டித்தான் பழக்கம்."

அவருக்கு அப்ப வேற யோசனை. ஆபீஸ்ல ஒரு பரீட்சை வரப்போகுது. பாஸ் பண்ணினா குவார்ட்டர்ஸ் கிடைக்கும், யாழ்ப்பாணத்துல இருக்கிற மனைவியையும் மகளையும் கூட்டிட்டு வந்துடலாம். மகளை அவர் கைக்குழந்தையா பார்த்ததோட சரி. ஆபீஸ் விட்டு வந்தா புத்தகமும் கையுமாதான் இருப்பார்.

மூணு வாரம் இழுத்துச்சு. தேஞ்சதை மட்டும் மாத்தறதா, எல்லாத்தையும் மாத்தறதா... ஒரு நாள் அவர் சொல்றதுதான் நியாயம்னு படும். அன்னைக்குன்னு பார்த்து அவர் வந்து, "நீ சொல்லுறதும் சரிபோலதான் கிடக்கு" என்பார். மறுநாள் ரெண்டு பேரும் திரும்பப் பழைய இடத்துல நிப்போம்.

கடைசியில சைக்கிள் கடை தவ்கேதான், அந்தச் சீன முதலாளி, சிரிச்சான். "டுவா டுவா போலே லா." ரெண்டுமே முடியுமாம். ஒரே பின்சக்கரம், ஒரு பக்கம் பழைய மாதிரி பல்லு, மறுபக்கம் ஃப்ரீவீல். நட்டைக் கழட்டி சக்கரத்தைத் திருப்பி மாட்டினா வேற சைக்கிள் ஆயிடும். எனக்காக முன்னாடி ஒரு கை பிரேக்கும் வச்சுக் கொடுத்தான்.

எவ்வளவு புத்திசாலித்தனம்னு நாங்களே எங்களை மெச்சிக்கிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் என் பக்கம் திருப்புவேன். ஞாயித்துக்கிழமை காஜாங்ல இருந்து வந்ததும் அவர் பக்கம் திருப்பி வச்சிடுவேன். மூணு மாசம் ஒரு குறையும் இல்ல.

அப்புறம் ஒரு ஞாயிறு... காஜாங்ல கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிட்டாங்க. வந்தேன், சைக்கிளைச் சுவத்துல சாத்தினேன், அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன், படுத்துட்டேன். சக்கரத்தைத் திருப்பவே இல்ல.

திங்கட்கிழமை காலையில அவர் எடுத்துட்டுப் போனார். மனசெல்லாம் பாடத்துல. விடாம மிதிச்சுக்கிட்டே போனவருக்கு வித்தியாசம் தெரியல. இறக்கத்துல ரயில்வே கேட் சாத்தியிருந்துச்சு. பழக்கத்துல காலால பின்னாடி அழுத்தியிருக்கார்... பெடல் சும்மா சுத்தியிருக்கு. அப்படியே கேட்ல போய் மோதிட்டார்.

வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில நான் போய் நின்னேன். அவர்தான் பேசினார்.

"பிறேக் முன்னுக்கு இருந்ததுதானே தம்பி. நான்தான் பிடிக்கேல்லை."

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டல. என் கல்யாணத்துக்குக் கட்டுப் போட்ட கையோட வந்து, இடது கையால அட்சதை போட்டார். ஆனா அதுக்கப்புறம் அந்தச் சைக்கிளைத் தொடவே இல்ல. ஆபீசுக்கு நடந்தே போனார். பயமா, கோபமான்னு எனக்குத் தெரியல. கேட்கத் தைரியம் இல்ல.

அடுத்த வருஷம் பாஸ் பண்ணிட்டார். கிள்ளான்ல குவார்ட்டர்ஸ். ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நானும் போனேன். கப்பல்ல இருந்து இறங்கின புள்ளை, அப்பாவை யாருன்னு தெரியாம அம்மா புடவையில முகத்தை ஒளிச்சுக்கிச்சு. "பழகீடும்"னு அவர் சிரிச்சார். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா சீக்கிரமே பழகியிருக்கும்னு எனக்குத் தோணுச்சு. அவருக்குத் தோணுச்சான்னு தெரியாது.

"சைக்கிளை நீயே வைச்சுக்கொள்" என்றார். கொடுத்தாரா, ஒதுக்கினாரா... இன்னைக்கு வரைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

போன வாரம் ஸ்ரீ கெம்பாங்கான்ல இருந்து பேரன் வந்தான். பழைய ரோட் பைக் ஒண்ணு வச்சிருக்கான். கியரும் பிரேக்கும் தேஞ்சுடுச்சாம். ரிப்பேர் பண்ணலாமா, மொத்தமா அப்கிரேட் பண்ணிடலாமான்னு ரெண்டு மாசமா யூடியூப் பார்த்துக் குழம்பிட்டு என்கிட்ட கேட்டான்.

"அதை வேற யாராச்சும் ஓட்டுறாங்களாடா?"

"இல்ல தாத்தா, நான் மட்டும்தான்."

"அப்ப எதைப் போட்டாலும் சரி. போட்டுக்க."

இவ்வளவு சுலபமா சொல்லிட்டாரேன்னு அவனுக்கு ஆச்சரியம். இந்தக் காலத்துல ஆளுக்கு ஒரு சைக்கிள், எதை மாத்தினாலும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல... நல்லதுதான்.

எனக்கு மட்டும், சொல்ல வேண்டிய ஒரு ஆள் இருந்தார். சக்கரத்தைத் திருப்பலைன்னு சொல்லாம படுத்துட்டேன்.