பதிலுக்கு முன்னால் இருந்த கேள்வி

தேவசகாயம் சார் இறந்த செய்தியை எங்கள் துறை அலுவலகத்து முருகேசன்தான் தொலைபேசியில் சொன்னார். "காலைல நெஞ்சுவலி, மேடம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்டு." பிறகு, "தங்கமான மனுசன், இல்லையா மேடம்?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன்.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவருடன் வேலை செய்வது சுகமாக இருந்ததில்லை. சமூகவியல் படித்தவர். பாளையங்கோட்டையில் எங்கள் மருத்துவ ஆய்வுத் துறையில், நோயாளிகளிடம் பேசி எழுதப்படும் ஆய்வுகளை வெளியே அனுப்புமுன் வாசித்துக் கையெழுத்திடுவது அவர் பொறுப்பு. எண்கள் இல்லாத ஆய்வில் எதையும் எழுதிவிடலாமே என்று மருத்துவர்கள் கேலி செய்வார்கள். "எண் இல்லேன்னா, எப்படித் தெரிஞ்சுக்கிட்டோம்னு கூடுதலாச் சொல்லணும் வே" என்பார்.

ஏரல் பக்கத்துப் பெண்கள் சர்க்கரை மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்பது என் ஆய்வு. ஒவ்வொருவரையும் நானே சந்தித்துப் பேச்சைப் பதிவு செய்தேன். எங்கள் துறையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பதிவைத் தட்டச்சு செய்யும்போது பதில்களின் பொருளை மட்டும் எடுத்து எழுதுவோம்; கேள்விகள் நம்முடையவைதானே என்று விட்டுவிடுவோம். தாள்களில் திரும்பத் திரும்ப மறதி என்றே இருந்தது. தினமும் காலையில் தொலைபேசியில் நினைவூட்டினால் போதும் என்று எழுதினேன். சுகாதார அலுவலகம் அதற்கு ஆள்கூடப் பார்த்துவிட்டது. என் அறிக்கை வரவேண்டியதுதான் பாக்கி.

சார் கையெழுத்துப் போடவில்லை. "இதுல கேள்வி எங்கன?" என்றார்.

"பதில் இருக்கே சார்."

அவர் துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பதிவை ஓடவிட்டார். என் குரல் கேட்டது: "மறந்துட்டீங்களா?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு பெண் குரல்: "ஆமா." அடுத்த பதிவிலும் அதே கேள்வி, அதே மௌனம், அதே ஆமா.

"மறதின்னு சொன்னது நீங்க. அவிய ஒத்துக்கிட்டாவ, அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுவாரம் திரும்பவும் ஏரலுக்குப் போனேன். வாழைத்தோப்பில் கூலி வேலை செய்யும் இசக்கியம்மாளிடம், மாத்திரை போட்ட நாள் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"காலைல போட்டுட்டுத் தோப்புக்குப் போனா, பதினோரு மணிக்குக் கைகாலு வெடவெடன்னு நடுங்குது. சாப்பாட்டுக்கு விட ஒரு மணி ஆவும். விழுந்து கெடந்தா மறுநாள் யாரு வேலைக்குக் கூப்பிடுவா?"

"அன்னைக்கு மறதின்னு சொன்னீங்களே?"

"நீங்கதான கேட்டிய! ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்கிய, இல்லேன்னு எப்படிச் சொல்ல?" என்று சிரித்தார்.

நினைவூட்டும் அழைப்பு போயிருந்தால், அதை மதித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர் சர்க்கரை இறங்கித் தோப்பில் விழுந்திருக்கலாம். மருத்துவர் அவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அறிக்கையை நான் முதலிலிருந்து எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். பாராட்டவில்லை.

அன்றிலிருந்து என் கேள்விகளையும், பதில் வராத நேரங்களையும் சேர்த்தே தட்டச்சு செய்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான். அதன்படி பார்த்தால், "தங்கமான மனுசன், இல்லையா" என்று முருகேசன் கேட்டதற்கு நான் சொன்ன "ஆமாம்" செல்லாது. சார் எப்படிப்பட்டவர் என்று மட்டும் யாராவது கேட்டால் சொல்வேன்: கடுமையானவர். எல்லார் முன்னாலும் என்னைத் தலைகுனிய வைத்தவர். இசக்கியம்மாள் சொல்லாமல் விட்டதை, நான் பதிவு செய்தும் கேட்காததை, கேட்டவர்.