சீமைக்குச் சுங்கம்

எங்கள் வீட்டில் இரண்டு சீமைகள் உண்டு. ஒன்று, அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மழைக்கோட்டு தைத்து அனுப்பிய இங்கிலாந்து. எங்கள் பேட்டையான பசுந்தாங்கில் பழைய ஆட்கள் அதைச் சீமை என்றுதான் சொல்வார்கள். மற்றது என் பெரியம்மா. அவர் விமான நிலையம் இருக்கிற மிங்கலாடோன்காரர். தலைக்கு மேல் விமானம் பறக்கப் பறக்க வளர்ந்ததால் தரையில் நடக்கிறவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது அம்மாவின் கட்சி. முதுகுக்குப் பின்னால் அம்மா வைத்த பெயர்தான் சீமை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "இந்தச் சீமை என்னைக்குத்தான் தனியாப் போவுதோ" என்று அம்மா அந்த அடுப்போடு புலம்பாத நாள் இல்லை.

எனக்குத் தெரிந்த சீமை பெரியம்மா ஒருவர்தான்.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலம் அது. ஒரு காலையில் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே அம்மாவிடம் சொன்னார்: "சீமை தனியாப் பிரிஞ்சிடுச்சு. இனிமே அந்தப் பக்கம் போற எல்லாத்துக்கும் சுங்கம். நம்ம சாமானை இன்னமும் எல்லையிலயே நிறுத்தி வச்சிருக்கானுங்க."

ஐரோப்பிய நாடுகளின் கூட்டை விட்டு இங்கிலாந்து விலகியதும், ஹாலந்துத் துறைமுகத்தில் இறங்கிய எங்கள் கோட்டுகள் அதற்கப்பால் போக முடியாமல் முடங்கியதும் எனக்கு எப்படித் தெரியும்? சுங்கம் என்றால் என்ன என்று மட்டும் கேட்டேன். எதையாவது கொடுத்தால்தான் சாமானை விடுவான் என்றார் அப்பா.

எனக்கு ஒரே குழப்பம். பிரிந்துபோனவர் முன்னறையில் உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். இனி யார் பின்னுவார்கள்? நினைத்ததும் அழுகை வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. அடுக்களை வாசலில் முக்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் பெரியம்மா குழம்புக்குக் கிண்ணத்தோடு வந்தார். நான் காலை நீட்டி மறித்தேன்.

"சுங்கம் குடுத்தாத்தான் குழம்பு, பெரியம்மா."

"எதுக்குடி சுங்கம்?"

"நீங்கதான் பிரிஞ்சிட்டீங்களே!"

பெரியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாரு சொன்னா?"

"அப்பாதான். சீமை பிரிஞ்சிடுச்சின்னு."

உள்ளே அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. பட்டப்பெயர் அம்பலமாகிவிட்டது, இன்று முதுகில் பூசைதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெரியம்மாவோ அந்தப் பெயரைக் காதிலேயே வாங்கவில்லை.

"நாங்களே சொல்லணும்னுதான் இருந்தோம், தங்கச்சி" என்றார் அம்மாவிடம். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தாமுவே பேட்டையில வீடு பாத்தாச்சு. கோட்டு முடங்குனப்புறம் இந்தத் தையல் பட்டறை ரெண்டு குடும்பத்தத் தாங்காது. பாதி மிஷினை எடுத்துக்கிட்டு அவரு தனியாப் பாக்கறேங்கறாரு."

 அம்மா கிண்ணத்தை வாங்கி, மீன் துண்டாகப் பார்த்துப் பார்த்து அள்ளி வைத்தாள். எங்களுக்கென்று சட்டியில் ஒன்றும் மிஞ்சாது போலிருந்தது. "போதும், போதும்" என்றார் பெரியம்மா. அம்மா நிறுத்தவில்லை. "அங்க போயி யாருக்கா உங்களுக்கு ஆக்கிப் போடுவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா இத்தனை நாளும் கேட்டது இதைத்தானே? கேட்டது கிடைத்த பிறகு எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.