சிரிக்கும் வேலை

அவளைக் களத்தில் எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கிருந்து வந்தாள் என்று எதிராளிக்குத் தெரிவதற்குள் கடித்துவிட்டுப் போயிருப்பாள். கணினியில் ஐந்து ஐந்து பேராக மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அது. எப்போது பதுங்க வேண்டும், எப்போது பாய வேண்டும் என்பதை அவள்தான் சொல்வாள். கூட ஆடிய நான்கு பையன்களும் அவள் குரலை நம்பித்தான் நகர்வார்கள்.

இருபத்தாறு வயதில் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னார் மருத்துவர். அணியின் முதலாளி ஒரேயடியாக ஓய்வு கொடுத்துவிட்டார்.

இதே முதலாளிதான் தன் பயிற்சிக்கூடத்துக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பெற்றோர்களைக் கூட்டிவைத்து, அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மேடைக்கு மேடை முழங்கியவர். ஆடி முடித்தால் பயிற்சியாளர் ஆகலாம், வர்ணனையாளர் ஆகலாம், வாய்ப்பு கொட்டிக் கிடக்கிறது என்பார். அவள் நேரே போய்ப் பயிற்சியாளர் வேலையைக் கேட்டாள்.

"பொண்ணு சொன்னா பசங்க கேப்பாங்களாம்மா?"

"இத்தனை வருஷமா யார் சொன்னதக் கேட்டு ஜெயிச்சாங்க?"

அவர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்த வேலை அவளிடமே ஆட்டம் கற்றுக்கொண்ட ஒருவனுக்குப் போனது. முதலாளி பரிதாபப்பட்டு அவளுக்கு ஓர் ஒளிபரப்பு நிறுவனத்தில் வர்ணனையாளர் வேலை வாங்கித் தந்தார்.

ஒளிபரப்பு அறையில் முகத்தில் அரை அங்குலத்துக்குப் பவுடர் அப்பினார்கள். பக்கத்து நாற்காலியில் கணீர் குரல்காரர் ஒருவர். முன்பு வானொலியில் இருந்தவர். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. அரையிறுதியில் ஓர் அணி புகைக்குண்டு வீசிவிட்டுப் பின்னால் நகர்ந்தது. பயந்து ஓடுகிறார்கள் என்றார் அவர். ஓடவில்லை, எதிராளிகளைப் படிக்கட்டுக்கு இழுக்கிறார்கள் என்றாள் அவள். சொன்ன வாய் மூடுவதற்குள் துரத்தி வந்த இரண்டு பேர் படிக்கட்டில் விழுந்தார்கள்.

காதுக் கருவியில் நிகழ்ச்சி இயக்குநரின் குரல் வந்தது. "விளக்கமெல்லாம் அவர் குடுப்பாரு மேடம். நீங்க சிரிங்க, போதும்."

அவள் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"காதுக்குள்ள என்னைச் சிரிக்கச் சொல்றாங்க," என்றாள், நேரலையில், கேமராவைப் பார்த்து. "சிரிக்கிற மாதிரி இங்க ஒண்ணும் நடக்கல. அந்த ஜன்னலப் பாருங்க, அடுத்த ஆள் அங்கதான் விழப்போறான்."

விழுந்தான். உடனே விளம்பரம் போட்டார்கள். அது முடிவதற்குள் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். "பல்லக் காட்டுறதுதான் வேலைன்னா எங்க ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கலாமேடி," என்றாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னம் சிவக்கச் சிவக்கப் பவுடரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காட்சி ஊரெல்லாம் பரவியது. பாராட்டியவர்களும் உண்டு, வாய் கூசாமல் திட்டியவர்களும் உண்டு. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். முதலாளி அதே காட்சியைத் தன் பயிற்சிக்கூடத்து விளம்பரத்தில் சேர்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. 'எங்கள் பெண், எங்கள் வார்ப்பு' என்று கீழே எழுதியிருந்தார்.

நேராக அவர் அலுவலகத்துக்குப் போனாள். பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டாள்.

"நீங்க எனக்குக் குடுத்த வாய்ப்பு என்ன? அந்தச் சிரிக்கிற வேலையத் தவிர ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவர் புன்னகை மாறாமல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வரிசையிலிருந்த ஒரு தகப்பன் தயங்கித் தயங்கி, "அப்போ இதுல வேலையே கிடைக்காதாம்மா?" என்று கேட்டார்.

அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "கிடைக்கும்யா. நாமதான் சண்டை போட்டு வாங்கணும். இவர் வாங்கித் தருவாருன்னு நம்பாதீங்க."

சிலர் எழுந்து போனார்கள். சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். விளம்பரம் அன்று மாலையே காணாமல் போனது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

அடுத்த மாதம் வேறொரு ஒளிபரப்பு நிறுவனம் கூப்பிட்டது. ஆட்டத்துக்குள் கேமராவை ஓட்டும் வேலை. பத்துப் பேர் பத்து மூலையில் சண்டை போடும்போது, பார்ப்பவர்களுக்கு எந்த மூலையைக் காட்டுவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இடது கைக்குத்தான் வேலை. இருட்டறை, முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வர்ணனையாளர்கள் அவள் காட்டுவதைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். சம்பளம் ஆண்களுக்கு என்ன என்று முதலில் விசாரித்து, அதையே கேட்டு வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தாள்.

இன்னும் கோபம் தணியவில்லையா என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"எதுக்குத் தணியணும்?" என்றாள். பேருந்துக்கு நேரமாகியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.